பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம் போட்டா வேகம் கூடுமா? கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்க!

ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்தாலும், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் என எங்கே போனாலும் 10, 12 வருஷம் உழைத்த டெஸ்க்டாப் ஒன்று இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தெரிந்தவர் யாரிடம் கேட்டாலும் வருகிற முதல் பதில் இதுதான்: "ஒரு ரேம் போடு, சரியாகிடும்."

சரியாகுமா? சில கம்ப்யூட்டர்களில் நிச்சயம் சரியாகும். சிலவற்றில் பாதி சரியாகும். இன்னும் சிலவற்றில் ரேமுக்குக் கொடுத்த காசு அப்படியே வீண். உங்க கம்ப்யூட்டர் இதில் எந்த ரகம் என்பதை, ஒரு ரூபாய்கூட செலவு செய்யாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இதை இப்போது பார்த்தாக வேண்டியதற்கு இரண்டு காரணங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதே 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலையும் உலகம் முழுக்க ஏறத் தொடங்கியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு கிராக்கி அதிகமானதால், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய தயாரிப்பாளர்களின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தில் இருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் 'வாங்கிப் போட்டுப் பார்ப்போம், வேலை செய்யலைன்னா விட்டுடலாம்' என்று இருக்கிற நேரம் இது இல்லை.

ரேம் குறைந்தால் ஏன் இழுக்கிறது?

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்க. கடைக்காரர் கை எட்டுகிற தூரத்தில் பருப்பும் சர்க்கரையும் இருந்தால், கேட்டதும் எடுத்துக் கட்டிக் கொடுப்பார். எல்லாமே பின்னால் இருக்கும் குடோனில் இருந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். கை எட்டுகிற அந்த இடம்தான் ரேம். குடோன் என்பது ஹார்ட் டிஸ்க்.

ஆனால் நிஜத்தில் இந்த வித்தியாசம் கடையைவிட பயங்கரமானது. ரேமில் இருந்து ஒரு தகவலை எடுக்க பிராசசருக்கு ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதே தகவலைத் தேடி எடுக்க 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டால் லட்சம் மடங்கு. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் சும்மா இருக்காது. நீங்க இப்போது பார்க்காத புரோகிராம்களின் தகவலை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஓரமாக எழுதி வைத்துவிட்டு இடத்தைக் காலி செய்யும். மறுபடி அந்த விண்டோவைத் தொட்டதும் அதைத் திரும்ப எடுத்து வரும். சிபியுவுக்குள் 'கர்ர் கர்ர்' என்று சத்தம் வந்து, மவுஸ் நின்று நின்று நகர்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இன்றைக்கு டெஸ்க்டாப்பில் இருக்கும் ரேம், ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்த வடிவத்தின் வாரிசு. ஒரு பிட் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி கெப்பாசிட்டர், அவ்வளவுதான். அந்தக் கெப்பாசிட்டரில் மின்சாரம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லா பிட்டுகளையும் புதுப்பித்தாக வேண்டும். கரன்ட் போனதும் சேவ் செய்யாத லெட்டர் காணாமல் போவது இதனால்தான். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 'ரேமை மாத்தினா ஃபைல் எல்லாம் போயிடுமா?' என்று பயப்பட வேண்டாம். உங்க ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். ரேமைக் கழற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

முதல் வேலை: டாஸ்க் மேனேஜரைத் திறங்க

கம்ப்யூட்டரை நீங்க வழக்கமாக எப்படி பயன்படுத்துவீர்களோ அப்படி அரை மணி நேரம் வேலை செய்யுங்க. டேலி, பிரவுசரில் ஐந்தாறு டேப், வேர்ட், வாட்ஸ்அப் வெப் என எல்லாம் திறந்திருக்கட்டும். இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் ஒன்றாக அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டி, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்க. அங்கே 'மெமரி', 'டிஸ்க்' என்ற இரண்டு படங்களைத்தான் பார்க்கப் போகிறோம்.

மெமரி 60 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு இருக்கிறது என்றால், உங்க பிரச்சினை ரேம் இல்லை. ஹார்ட் டிஸ்க்தான். ஆன்டிவைரஸ், அப்டேட், ஃபைல் தேடல் என விண்டோஸ் 10 பின்னணியில் செய்கிற வேலைகளுக்கு பழைய ஹார்ட் டிஸ்க்கால் ஈடு கொடுக்க முடியவில்லை. இந்த நிலையில் 16 ஜிபி ரேம் போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, விண்டோ மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் கூடவே எகிறுகிறது என்றால், அது ரேம் பற்றாக்குறை. சந்தேகம் இருந்தால் அதே பக்கத்தில் 'கமிட்டட்' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்க. இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 5.8/7.9 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். முதல் எண், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கும் அளவு. உங்க கம்ப்யூட்டரில் இருப்பதோ 4 ஜிபி. ஆக, தேவைக்கும் கையிருப்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2 ஜிபி துண்டு விழுகிறது. ரேம் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

'குரோம் மட்டும்தான் திறந்திருக்கேன், அதுக்கே இவ்வளவா?' என்று கேட்டால், ஆமாம். பிரவுசர் இன்றைக்கு இணையதளங்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் தனித்தனி புரோகிராம் மாதிரி பிரித்து ஓட்டுகிறது. பாதுகாப்புக்கு நல்லது, ரேமுக்குச் சுமை. தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களைத் தூக்குவதும், டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் தேவையற்றதை 'டிசேபிள்' செய்வதும் செலவில்லாத வைத்தியம். ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

டிஸ்க், மெமரி இரண்டுமே நிரம்பி வழிகிறது என்பதுதான் 2012-ஐ ஒட்டி வாங்கிய கம்ப்யூட்டர்களில் நிறைய பேர் பார்க்கப் போகும் காட்சி. பணம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், 4 ஜிபி ரேம் இருப்பவர்கள் முதலில் எஸ்எஸ்டி போடுவதே மேல் என்பது நம் கணிப்பு. ரேம் நிரம்பி டிஸ்க்குக்குப் போனாலும், எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்கைவிட பல மடங்கு வேகமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். 2 ஜிபி மட்டும் இருப்பவர்களுக்கு ரேம்தான் முதலில். எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால் 2.5 இன்ச் சாட்டா வகையைக் கேளுங்க. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகைக்கு பழைய மதர்போர்டுகளில் இடமே இருக்காது.

எந்த ரேம் உங்க போர்டில் உட்காரும்?

தவறாக வாங்குவது அதிகம் நடப்பது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்க.

ரேமில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்2 வந்தது 2003-ல், டிடிஆர்3 2007-ல், டிடிஆர்4 2014-ல். ஒரு தலைமுறை இன்னொன்றின் இடத்தில் உட்காராது. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் பின் எண்ணிக்கை 240 என்று ஒன்றாகவே இருந்தாலும், அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மின்சார அளவும் வேறு: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீங்க, அது உங்க ரேம் இல்லை.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் 'மெமரி' பக்கத்தில் தலைமுறையும், 'மெயின்போர்டு' பக்கத்தில் மதர்போர்டு மாடலும் சிப்செட்டும் வந்துவிடும். விண்டோஸ் 10 என்றால் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று இருக்கும். '1 ஆஃப் 2' என்றால் ஒரு இடம் காலி. '2 ஆஃப் 2' என்றால், இருப்பதில் ஒன்றைக் கழற்றினால்தான் புதுசு போட முடியும்.

அடுத்தது சிப்செட். நம் ஊர் கடைகளில் அசெம்பிள் செய்த இன்டெல் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் ஜி31, ஜி41, எச்61, எச்81.

எச்61 வைத்திருப்பவர்களுக்குத்தான் ரேம் போடுவதில் முழுப் பலன். 2011-ல் வந்த இந்த சிப்செட், இரண்டாம், மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 பிராசசர்களோடு வந்தது. டிடிஆர்3 ரேம், இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி வரை போகலாம். இரண்டாம் தலைமுறை பிராசசர் என்றால் ரேம் 1333 வேகத்தில் ஓடும், மூன்றாம் தலைமுறை என்றால் 1600. கடையில் 1600 வேக ரேம்தான் இருக்கிறது என்றாலும் தாராளமாக வாங்கலாம், போர்டுக்கு ஏற்ப அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்81 போர்டுக்கும் இதே கணக்குதான்: டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், 16 ஜிபி.

ஜி41 கொஞ்சம் வில்லங்கமான போர்டு. இதில் டிடிஆர்2 வகையும் உண்டு, டிடிஆர்3 வகையும் உண்டு. சிப்செட்டின் உச்சம் 8 ஜிபி. டிடிஆர்3 வகை ஜி41-ல் 4 ஜிபி ரேம் போடும்போது, பட்டையின் இரண்டு பக்கமும் எட்டு எட்டாக மொத்தம் 16 கறுப்பு சிப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருக்கும் புது மாதிரி 4 ஜிபி ரேமில், ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவும் இரு மடங்கு. அந்த அடர்த்தியைப் படிக்க இந்த சிப்செட்டுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கிளம்பாது, அல்லது பாதி அளவைத்தான் காட்டும். ரேம் நல்ல ரேம்தான், கடைக்காரரின் டெஸ்ட் கம்ப்யூட்டரில் ஓடும், உங்களுடையதில் மட்டும் ஓடாது. ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் 16 சிப், 1ஆர்எக்ஸ்8 என்றால் 8 சிப். போன் டார்ச் அடித்தாவது இதைப் பார்த்து வாங்குங்க. முதல் தலைமுறை கோர் ஐ3, ஐ5 வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 8 ஜிபி டிடிஆர்3 பட்டை அந்த பிராசசர்களுக்கு ஒத்துவராது.

ஜி31 என்றால் டிடிஆர்2, உச்சம் 4 ஜிபி. இதற்கு ரேம் வாங்கச் சொல்லி நாம் பரிந்துரைக்க மாட்டோம். யாராவது பழைய கம்ப்யூட்டரில் இருந்து சும்மா கழற்றிக் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்க. காசு கொடுத்து வாங்கினால், அந்தக் காசு திரும்பி வராது.

விண்டோஸ் 11 வருமா?

'ரேம் கூட்டிட்டா விண்டோஸ் 11 போட்டுடலாமே' என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபிதான். தடை அங்கே இல்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். எச்61 காலத்து கம்ப்யூட்டரில் இந்த இரண்டும் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் இருக்கலாம். ஆனால், ஆதரவு இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. கோர் 2 டியோ போன்ற பிராசசர்களில் 24எச்2 பதிப்பில் இருந்து குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது.

விண்டோஸ் 10-லேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இன்னும் விண்டோஸ் 7-ல் இருப்பவர்கள் நிலைமை வேறு. அதில் ஓடும் கடைசி குரோம் 109-ம் பதிப்பு, 2023-ல் வந்தது. பேங்க் வேலை, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் அந்த கம்ப்யூட்டரில் செய்கிறீர்கள் என்றால், ரேமுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

பிரவுசரும் லெட்டர் டைப்பிங்கும் மட்டும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒரு நல்ல வழி. அதன் 22-ம் பதிப்பு 2 ஜிபி ரேமிலேயே கிளம்பும், 4 ஜிபி இருந்தால் வசதி. தமிழ் டைப்பிங்கும் வரும். டேலி மாதிரி விண்டோஸுக்காகவே எழுதிய மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாது.

4 ஜிபி-க்கு மேல் காட்டவே மாட்டேங்குதா?

ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம், உங்க விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. 'திஸ் பிசி' மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் தெரியும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி-க்கு மேல் கையாளாது. அதிலும் மற்ற பாகங்களுக்கு ஒதுக்கியது போக 3.25, 3.5 ஜிபி அளவுக்குத்தான் கைக்கு வரும். 8 ஜிபி போட்டாலும் இதே கதைதான்.

பிராசசர் 64 பிட் வகையாக இருந்தால் (கோர் 2 டியோவே அந்த வகைதான்) விண்டோஸை 64 பிட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது அப்டேட் மாதிரி மேலே ஏறாது. சி டிரைவை பேக்கப் எடுத்துவிட்டு முதலில் இருந்து புதிதாகப் போட வேண்டும். டிடிபி, ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. பழைய பிரின்டர், ஸ்கேனர், பூட்டுச் சாவி மாதிரி பின்னால் செருகும் டாங்கிள் எல்லாவற்றுக்கும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்க. டாஸ் காலத்து 16 பிட் பில்லிங் புரோகிராம் வைத்திருந்தால் 64 பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. ரேமைக் கூட்டப் போய், ஓடிக்கொண்டிருந்த பிரின்டரை இழக்க வேண்டாம்.

விண்டோஸ் 7 ஹோம் பேசிக் பதிப்புக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. 64 பிட்டாகவே இருந்தாலும் 8 ஜிபி-க்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

எவ்வளவு வாங்குவது, எங்கே வாங்குவது?

ஆபீஸ் வேலை, பில்லிங், பிரவுசர், ஆன்லைன் கிளாஸ் இதற்கெல்லாம் 8 ஜிபி போதும். 4-ல் இருந்து 8-க்குப் போகும்போது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், 8-ல் இருந்து 16-க்குப் போகும்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற ஸ்டுடியோ, வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் மட்டும் 16 பற்றி யோசிக்கலாம். அவர்களுக்கும் பழைய பிராசசரே அடுத்த முட்டுக்கட்டையாக நிற்கும்.

8 ஜிபி-யை ஒரே பட்டையாக வாங்குவதா, 4 பிளஸ் 4-ஆக வாங்குவதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் என்றால் இரண்டாகவே வாங்குங்க. இரண்டு பட்டை இருந்தால் பிராசசர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும். 1333 வேக ரேமில் ஒரு வழி என்றால் விநாடிக்கு 10.6 ஜிபி, இரு வழி என்றால் 21 ஜிபி-க்கு மேல். உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது என்பதால், வீடியோ பார்க்கும்போது இந்த வித்தியாசம் உதவும். ஏற்கெனவே இருக்கும் 2 ஜிபி-யை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு 4 ஜிபி போட்டாலும் தப்பில்லை. மொத்தம் 6 ஜிபி-யும் வேலை செய்யும், இரண்டில் எது மெதுவோ அந்த வேகத்தில் ஓடும். பிராண்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒன்றாக இருந்தால் தலைவலி குறைவு.

டிடிஆர்3 ரேமில் சந்தையில் கிடைப்பது நிறைய பழசுதான். ஆபீஸ்களில் இருந்து வெளியே வந்த கம்ப்யூட்டர்களில் கழற்றியது. அதில் தவறில்லை, ரேமில் தேய்ந்துபோக சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சென்னை ரிச்சி தெருவோ, உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையோ, முடிந்தால் சிபியுவையே தூக்கிக்கொண்டு போங்க. அங்கேயே மாட்டி, முழு அளவையும் விண்டோஸ் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு காசு கொடுங்க. தூக்க முடியாது என்றால் பழைய ரேமைக் கழற்றி எடுத்துப் போங்க, அல்லது அதன் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துப் போங்க. 'செட் ஆகலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா, எத்தனை நாளைக்குள்ள?' என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்க.

ஆன்லைனில் விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் பெயரை முழுசாகப் படியுங்க. 'ஏஎம்டி மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் ரேம், இன்டெல் போர்டில் ஓடாது. 'ரிஜிஸ்டர்டு இசிசி' என்று இருந்தால் அது சர்வரில் இருந்து கழற்றியது. பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், சாதாரண டெஸ்க்டாப்பில் கிளம்பாது. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பின் ரேமைக் கழற்றிப் போடலாமா என்றால், முடியாது. அது பாதி நீளம்தான் இருக்கும். மானிட்டர் பின்னால் ஒட்டிவைக்கும் சின்ன டெஸ்க்டாப்கள் சிலவற்றில் மட்டும் அந்த லேப்டாப் ரேம்தான் போகும்.

டிடிஆர்3எல் என்று 1.35 வோல்ட் வகை ஒன்று இருக்கிறது. பொதுவாக அது 1.5 வோல்ட் போர்டிலும் ஓடும் என்பதால், அதைக் கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. ரேம் போடுவதற்காக எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொன்னால் மட்டும் கேள்வி கேளுங்க. ஒரு ரேம் எடுத்துக்கொள்வது சில வாட் மின்சாரம்தான்.

மாட்டுவது எப்படி?

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் இருக்கும் ஸ்விட்சை நிறுத்தி, பின்னால் இருக்கும் பவர் கேபிளையும் உருவிவிடுங்க. பிறகு முன்னால் இருக்கும் பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும், கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்க. நம் உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் மின்சாரம் அதில் போய்விடும். சென்னைப் புழுக்கத்தில் இது பெரிய ஆபத்து இல்லை, ஏசி அறையில் கவனம் தேவை.

தூசியை முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்க. ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ரேம் தானாக மேலே எழும்பும். புது ரேமின் ஓரத்தைப் பிடித்து, அடியில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டில் இருக்கும் மேட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அழுத்துங்க. 'டக்' என்று சத்தம் கேட்டு கிளிப் தானாக மூட வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் அழுத்தப் பயந்து பாதியிலேயே விட்டுவிடுவார்கள். வெட்டு சரியாக இருந்தால் கொஞ்சம் பலமாகவே அழுத்தலாம். தங்கப் பூச்சு உள்ள பகுதியில் மட்டும் விரல் படக் கூடாது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ஜோடி ரேமை எந்த எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்று போர்டின் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாவிட்டால், பல போர்டுகளில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஸ்லாட்தான் ஜோடி.

மூடியை உடனே மூடாதீங்க. கேபிளை மாட்டி ஆன் செய்து பாருங்க. பிராண்டட் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 'மெமரி அளவு மாறியிருக்கிறது' என்று ஒரு செய்தி வரும். அது பிழை இல்லை, அதில் சொல்லும் கீயை அழுத்தினால் போதும்.

திரை வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது!

பதற வேண்டாம். ரேம் சரியாகத் தொடர்பு கொள்ளவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும் முறை அது. மறுபடி மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சு முனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்க. ரிப்பேர் கடைக்காரர்கள் காலம் காலமாகச் செய்யும் வைத்தியம் இது, பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். பிளேடு, உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சு போய்விட்டால் ரேம் போனது மாதிரிதான்.

அப்படியும் வரவில்லை என்றால் புது ரேமை மட்டும் தனியாக ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்க, அடுத்து இன்னொரு ஸ்லாட்டில் போடுங்க. பிறகு பழையதை மட்டும் தனியாக அதே ஸ்லாட்களில் போடுங்க. குறை ரேமிலா ஸ்லாட்டிலா என்பது இதில் தெரிந்துவிடும். பழையது ஓடுகிறது, புதுசு எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால், மேலே சொன்ன சிப் அடர்த்திப் பிரச்சினையாக இருக்கலாம். கடையில் மாற்றிக்கொள்ளுங்க.

கிளம்பிவிட்டது, ஆனால் அளவு குறைவாகக் காட்டுகிறதா? 8 ஜிபி-யில் 7.8, 7.9 என்று காட்டினால் அது இயல்பு, மிச்சத்தை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது. பாதிதான் காட்டுகிறது என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் 32 பிட்டா என்பது. மற்றொன்று, எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, 'பூட்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் 'மேக்சிமம் மெமரி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுவது. 'இதை டிக் செய்தால் கம்ப்யூட்டர் பறக்கும்' என்று வீடியோ பார்த்துவிட்டு யாரோ எப்போதோ போட்டு வைத்திருப்பார்கள்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்கே போகிறது என்றால் அதற்கும் ரேமுக்கும் சம்பந்தம் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மூடி திறந்திருக்கும்போதே அதையும் மாற்றிவிடலாம்.

கடைசியாக ஒரு பரிசோதனை. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி, ரீஸ்டார்ட் கொடுங்க. கம்ப்யூட்டர் தானாகவே ரேம் முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்து, விண்டோஸ் திரும்ப வந்ததும் முடிவைச் சொல்லும். பழைய ரேம் வாங்கியவர்கள் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுவது இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும், பில்லில் எழுதி வாங்கிய நாட்கள் முடிவதற்குள் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க. பிழை எதுவும் இல்லை என்றால் கேபினெட் மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கலாம்.